தண்ணிக்குள்ள போனவரும் கல்லு நட்டவரும்

ஊர்ச் சாவடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு மாடு நடந்து போகும் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் கிழக்குத் தெரு, இந்தப் பக்கம் மேற்குத் தெரு. மின்விசிறி ஒன்றுதான். அதன் காற்று கிழக்குத் தெருவுக்கு மட்டும் போகிறது என்று முதலில் ஒரு சண்டை வந்து, விசிறியையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் வேர்த்தது, நியாயம் கிடைத்துவிட்டது.

என் மடியில் ஒரு வெள்ளைத்தாள். அதில் நான் மூன்று வரி எழுதித் தர வேண்டும். கண்மாய் மடை ஓரம் நிற்கும் பழைய நடுகல்லுக்குப் புதிதாகப் பீடம் கட்டியிருந்தார்கள். பீடத்தில் பதிக்கிற கிரானைட் பலகையில் அந்தக் கல்லில் நிற்பது யார் என்று பொறிக்க வேண்டும். "மதுரை டீச்சரு எழுதுனா ரெண்டு தெருவும் ஒத்துக்கிரும்" என்று எந்தப் புண்ணியவானோ கொளுத்திப் போட்டிருந்தார்.

நான் பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் சாவடிக்கு வெளியே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து என் மாமியார் எழுந்து உள்ளே வந்தார். எழுத வந்த டீச்சர் என்று என்னை மட்டும் உட்காரவைத்திருந்தார்கள்; மற்றபடி அந்தச் சாவடியில் பெண்கள் ஏறிப் பேசுவது வழக்கமில்லை. இருந்தாலும் ஏறினார்.

அவர் என்ன சொன்னார் என்று சொல்வதற்கு முன்னால் நான் பாண்டியர்களிடம் போய்விட்டு வர வேண்டும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சுந்தரபாண்டியன்?

ஒத்தக்கடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரொம்ப காலம் வரலாறு நடத்தினேன். வகுப்புச் சன்னலுக்கு வெளியே யானைமலை படுத்துக் கிடக்கும். நான் பிற்காலப் பாண்டியரை எடுத்தால் வகுப்பில் பாதி, மலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சுந்தரபாண்டியன் வருவான், வீரபாண்டியன் வருவான், குலசேகரன் வருவான், மறுபடியும் ஒரு சுந்தரபாண்டியன் வருவான். பேருக்கு முன்னால் ஒரு தலைமுறைக்கு மாறவர்மன், மறு தலைமுறைக்குச் சடையவர்மன்.

"ஏன் டீச்சர், ஒங்க ராசாக்களுக்கு வேற பேரே கெடைக்கலையா?" என்று எங்கள் கணக்கு சார் ஆசிரியர் அறையில் கேலி செய்வார். "ரோல் நம்பர் குடுத்துருக்கலாம்ல?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே காலத்தில் அண்ணன் தம்பி, சித்தப்பன் மகன் என்று பல பேர் ஆளுக்கு ஒரு பக்கம் இருந்து ஆண்டிருக்கிறார்கள். கல்வெட்டிலோ, சுந்தரபாண்டியனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று மட்டும் இருக்கும். எந்தச் சுந்தரபாண்டியன்? அங்கேதான் ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவர் குடுமியை ஒருவர் பிடிப்பார்கள்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தி என்று ஒன்று வரும். ராஜா என்னென்ன செய்தார், எவனை ஜெயித்தார் என்று புகழ்ந்து பாடிய பாட்டு. ஒவ்வொரு ராஜாவுக்கும் அது வேறு வேறு சொல்லில் தொடங்கும். அந்தத் தொடக்கத்தை வைத்து, இவன் அவன் இல்லை என்று பிரித்துவிடலாம். பேரை விட்டுவிட்டு, அவன் செய்ததைக் கேட்க வேண்டும். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். யானைமலை அசைந்து கொடுக்கவில்லை, பிள்ளைகளும்தான்.

இருக்கட்டும்னு வச்ச பேரு

நான் மதுரை டவுன்காரி. எங்கள் முன்னோர் குஜராத்திலிருந்து வந்து தறி போட்டவர்கள்; வீட்டில் பேசும் பாஷை வேறு. எங்கள் சந்தில் நின்று "சுப்பிரமணி" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு சன்னல் திறக்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் வீட்டுப் பெயர் ஒன்றைச் சேர்த்துத்தான் சொல்வோம். ஒரே பேர்க் குழப்பமெல்லாம் எனக்குப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுமலைப் பக்கம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன். என் கணவர் பாண்டி, என்னோடு கல்லூரியில் படித்தவர். இரண்டு வீட்டிலும் நடந்த ரகளை ஒரு தனிக் கதை, இங்கே வேண்டாம்.

அந்த ஊரில் மூத்த பையனுக்கு அப்பனைப் பெற்றவர் பேர். அடுத்தவனுக்கு ஆத்தாளைப் பெற்றவர் பேர். ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை, ஊர் முழுக்க மொக்கச்சாமி. என் மாமனார் மொக்கச்சாமி. என் மகனும் மொக்கச்சாமி.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள், புருஷன் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்லக் கூடாது. எனக்கு இது தெரியாது. கல்யாணமாகி முதல் தடவை ஊருக்குப் போனபோது, குளிக்கும் இடத்திலிருந்து, "பாண்டி! சோப்பு எங்க?" என்று கத்திவிட்டேன். முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோர் கையும் அப்படியே நின்றுவிட்டது. என் மாமியார் மட்டும் தலையைத் தூக்காமல், "மதுரைப் பக்கம் சோப்ப இப்புடித்தான் கேப்பாக போல" என்றார். அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

என் மகன் பிறந்தபோது நான் வேறு ஒரு அழகான பேர் யோசித்து வைத்திருந்தேன். மாமனார் அதற்குக் கொஞ்சம் முன்னால் தவறிப்போயிருந்தார். பிறகென்ன, மொக்கச்சாமிதான். நான் அழுதேன், சண்டை போட்டேன், மூன்று வேளை சாப்பிடாமல்கூடப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது சென்னையில் அவனுடைய ஆபீசில் அவனை 'மேக்ஸ்' என்று கூப்பிடுகிறார்களாம்.

அந்தப் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள்கூட அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. புருஷன் பேராயிற்றே. "எய்யா", "ராசா" என்றுதான் கூப்பாடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வச்சதும் நீங்க. நீங்களும் கூப்புட மாட்டீங்க, என்னையும் கூப்புட விட மாட்டீங்க. பின்ன யாருக்குத்தான் வச்சீங்க?"

அத்தை நிதானமாக வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். "கூப்புடுறதுக்கா வச்சோம்? இருக்கட்டும்னு வச்சோம் தாயி."

முதல் பானை

கல்லுக்கு வருகிறேன். எங்கள் கண்மாய் மடை ஓரம், இடுப்பளவு உயரத்தில் ஒரு நடுகல். கை கூப்பி நிற்கிற ஒரு ஆள். காலம் காலமாக எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மூக்கு மழுங்கிவிட்டது. பக்கத்தில் போனால் எண்ணெய்ச் சிக்கும் மஞ்சளும் கலந்த ஒரு வாடை வரும். யார் என்று கேட்டால் பிறந்த பிள்ளைகூடச் சொல்லும்: மொக்கச்சாமி. பெரிய வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்றியவர்.

மாசியில் அந்தக் கல்லுக்குப் பொங்கல். முதல் பானை வைக்கிறவர், பால் பொங்கி வரும்போது, கல்லில் இருப்பவரைப் பேர் சொல்லி மூன்று தரம் சத்தமாகக் கூப்பிட வேண்டும். கூட்டம் முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். பானை கிழக்கே வழிகிறதா மேற்கே வழிகிறதா என்று எல்லாக் கண்ணும் பார்க்கும். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தத் தெருவுக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று ஒரு நம்பிக்கை.

முன்பெல்லாம் யார் முதல் பானை வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. யார் முந்தி வந்தார்களோ அவர்கள் வைத்திருப்பார்கள். எந்த வருஷமோ ஒருவர், "எங்க பாட்டன் கல்லுக்கு நாங்கதான்டா மொதப் பான" என்று வாய் விட்டார். மொக்கச்சாமி என்ற பேர் இரண்டு தெருவிலும் இருக்கிறதே. கிழக்குத் தெரு, எங்க ஆள் என்றது. மேற்குத் தெரு, எங்க ஆள் என்றது. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு அடிதடிக்கு நின்றார்கள். அதோடு பொங்கல் நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது.

இரண்டு தெருவும் கொண்டு கொடுத்த உறவுகள். அதில்தான் அத்தைக்கு இடி விழுந்தது. அவர் பிறந்தது கிழக்குத் தெரு, வாழ்க்கைப்பட்டது மேற்குத் தெரு. கிழக்குத் தெருவுக்குத் தலைவர் அவருடைய ஒரே தம்பி. நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர். மேற்குத் தெருவுக்காக முன்னால் நின்று கத்துகிறவர், அத்தையின் மூத்த மகன், என் கணவரின் அண்ணன். எனக்குப் பெரிய மச்சான்.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி வந்தபோது, அத்தை திராட்சை வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். மாமா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் இருந்தவாறே கேட்டார்: "மொதல்ல அந்தக் கல்லு யாருதுன்னு சொல்லிட்டு வாசப்படிய மிதி."

அத்தை திராட்சையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிற வீடு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. "கண்ண மூடுறதுக்குள்ள அந்த வாசப்படிய ஒருக்கா மிதிச்சிரணும் தாயி. எங்க ஆத்தா கோலம் போட்ட வாசலு" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மொச்சை உரித்தபோது

பலகைக்கு எழுதித் தரச் சொல்லி ஆள் வந்ததும், நானும் பாண்டியும் மதுரை திருநகரிலிருந்து, சாவடிக் கூட்டத்துக்கு முந்தின நாளே ஊருக்குக் கிளம்பிவிட்டோம். அத்தை பின்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அத்தை, அந்தக் கல்லுல இருக்கவரு யாரு வீட்டாளு? ஒங்களுக்குத் தெரியுமா?"

"யாரக் கேக்குற? தண்ணிக்குள்ள போனவரையா, கல்லு நட்டவரையா?"

மொச்சைத் தோல் என் கையிலேயே இருந்தது. "ரெண்டு பேரா?"

"பின்ன? வெள்ளத்துல கரை விரிஞ்சப்ப மடையத் தெறக்க முங்குனாரு ஒருத்தரு. மடை தெறந்துச்சு, ஊரு பொழச்சுச்சு, அவரு மேல வரல. பொணங்கூடக் கெடைக்கல. அவருக்குக் கல்லு நட்டது இன்னொருத்தரு, அவரு மக வயித்துப் பேரன். தாத்தன் பேரத்தான அவருக்கும் வச்சிருந்தாக."

இந்த ஊர் ஆண்கள் எல்லோரும் மொக்கச்சாமி, மொக்கச்சாமி என்று பேர் சொல்லிச் சொல்லியே இரண்டு ஆளை ஒரு ஆளாக்கிவிட்டார்கள். அத்தைக்கு அது புருஷன் பேர், வாயில் வராது. பேர் சொல்ல முடியாததால் ஒவ்வொருவரையும் அவர் செய்ததை வைத்தே சொல்லிவந்திருக்கிறார். நான் கரும்பலகையில் எழுதி எழுதி அலுத்த மெய்க்கீர்த்தி, என் மாமியார் வாயில் மொச்சைக்கு நடுவில் கிடந்திருக்கிறது!

"முங்குனவரு யாரு வீடு?"

"எங்க அப்பன் வீடு. கெழக்க."

"நட்டவரு?"

"எங்க மாமனாரு வீடு. இங்கிட்டு."

"இம்புட்டையும் வச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?" கத்தியே விட்டேன்.

அத்தை மொச்சையைக் கிண்ணத்தில் போட்டார். "சொன்னா, பெத்த மகன் சபையில தலை குனியணும். சொல்லலேன்னா, பொறந்த வாசல் மூடிக் கெடக்கும். எதச் செய்யச் சொல்ற? ரெண்டு வீட்டுச் சோத்தையும் தின்னவ நான்."

நான் கண்டுபிடித்ததாக நானே எழுதிவிடுகிறேன் என்றேன். அத்தை சிரித்துவிட்டார். "நீ சொன்னா, வெளியூர்க்காரி சொல்லிப்புட்டான்னு ரெண்டு தெருவும் ஒண்ணாச் சேந்து ஒன்னய வைவாய்ங்க. பேசாம மொச்சைய உரி."

சாவடியில்

இப்போது முதல் காட்சிக்கு வந்துவிட்டோம். அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டு தெருவுக்கும் நடுவில் அந்த இடைவெளியில் வந்து நின்றார். மாமா எதிர்வரிசையில் கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை.

"ஆத்தா, போயி உக்காரு" என்றார் பெரிய மச்சான்.

"ஒன்னயப் பெத்ததுல இருந்து உக்காந்துதான்டா இருக்கேன்" என்றார் அத்தை.

பிறகு சொன்னார். மொச்சை உரித்தபோது எனக்குச் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். முங்கினவர் கிழக்குத் தெரு ஆள். கல்லை நட்டது மேற்குத் தெரு ஆள்.

பெரிய மச்சானின் முகம் கறுத்துவிட்டது. கிழக்கே சிரித்தவர்களும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்; தங்கள் பாட்டன் கல்லைத் திருடப் பார்க்கிற தெரு என்று இத்தனை வருஷம் ஏசியது, அதை நட்ட பேரன் வீட்டையா என்று அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒருவர் விடவில்லை. "கெழவி சொன்னாப் போதுமா? என்ன அத்தாட்சி?"

அத்தை திரும்பினார். சாவடிக்கு வெளியே பார்த்து, "ஏத்தா! தண்ணிக்குள்ள போனவரு யாரு வீட்டாளு?" என்று கேட்டார்.

வேப்பமரத்தடியிலிருந்து இரண்டு தெருப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கெழக்க!"

"கல்லு நட்டவரு?"

"மேக்க!"

என் வகுப்பில் ஒரு நாளும் எனக்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை. அத்தாட்சி கேட்டவர் தன் மனைவியைப் பார்த்து, "அடியே, ஒனக்கும் தெரியுமா?" என்றார். அந்த அம்மாள், "நீங்க கேட்டீகளா?" என்றாள்.

பெரிய மச்சான் எழுந்து போய்விட்டார். மாமாவும் கைத்தடியை ஊன்றி எழுந்தார், அக்காவைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை அந்த இடைவெளியிலேயே நின்றார். இருந்த வீடும் போய், பிறந்த வீடும் கிடைக்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

நான் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மடை திறக்கத் தண்ணீருக்குள் போனவர் மொக்கச்சாமி. அவர் மகள் வயிற்றுப் பேரன் மொக்கச்சாமி இந்தக் கல்லை நட்டார். இருவரும் இவ்வூரார்.

நின்றுபோன பொங்கலை அந்த மாசியில் மறுபடி வைப்பதென்று இரண்டு தெருவும் முடிவு செய்தன; அதுவரைக்கும் பெரிய மச்சான் அத்தையோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அடுத்த வேளையும் அத்தை அவருக்குத்தான் முதலில் சாப்பாடு வைத்தார்.

மேல வாங்க

பொங்கலன்று காலையில் எங்கள் வாசலில் மாமா வந்து நின்றார். கையில் மஞ்சள் கட்டிய புதுப்பானை. பின்னால் கிழக்குத் தெரு முழுக்க.

"அக்கா."

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொதப் பானை எங்க தெருவுக்குன்னு ஆயிருச்சு. எங்க வீட்ல பொறந்த பொண்ணு நீ இருக்கையில நான் எப்புடி வைக்க? இந்தா, பிடி. நம்ம வீட்டுக்கு வந்து வெளக்கேத்திட்டுப் போவோம்."

அத்தை பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பிக்கு முன்னால் நடந்தார். அந்த வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். படியில் கால் வைக்கும்போது ஒரு கணம் நின்றார், பிறகு ஏறிவிட்டார். அவர் வெளியே வந்தபோது பெரிய மச்சான் தோளில் ஒரு கட்டு விறகோடு கண்மாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். "ஆத்தா வைக்கிற பானைக்கு அடுத்தவய்ங்க வெறகா?" என்று யாரையோ அதட்டிக்கொண்டே போனார்.

கரையில் அடுப்பு மூட்டியாயிற்று. சென்னையிலிருந்து என் மகன் வீடியோவில் வந்து, "அப்பத்தாவக் காட்டும்மா" என்று உயிரை எடுத்தான். பால் நுரை கட்டத் தொடங்கியது. அப்போதுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. முதல் பானை வைத்தவர் கல்லில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அத்தை வாயில் வராத பேர்.

"நான் கூப்புடுறேன்க்கா" என்று மாமா குனிந்தார்.

அத்தை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். புகையில் கண் கலங்கியிருந்தது. கல்லைப் பார்க்காமல், மடையைத் தாண்டி, நிறைந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு அந்த உடம்பிலிருந்து வரும் என்று நான் நினைத்தே பார்க்காத ஒரு குரலில் கூப்பிட்டார்.

"தண்ணிக்குள்ள போனவரே! மேல வாங்க!"

கூட்டம் ஒரு மூச்சு தயங்கியது. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் தரம், பெரிய மச்சானும் மாமாவும் இரண்டு தெரு ஆண்களும், போனுக்குள்ளிருந்து என் மகனும், மதுரைக்காரி நானும், தொண்டை கிழியக் கூப்பிட்டோம். "மேல வாங்க! மேல வாங்க!"

எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பானை எந்தப் பக்கம் வழிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.